பாண்டியில் கச்சேரி இல்லையாம்

"பாண்டியில கச்சேரி ஏதுங்க? நல்ல சங்கீதம் கேக்கணும்னா மெட்ராஸ்தான்." எங்கள் ஊரில் சங்கீதம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் சற்று நேரத்தில் இந்த வாக்கியம் வந்து விழும். மார்கழி பிறந்தால் இவர்களுக்கு ஈ.சி.ஆர். பஸ்ஸில் இடம் பிடிக்கிற அவசரம். போய்விட்டு வந்து, யார் எந்த ராகத்தை எடுத்தார், எந்தக் கேன்டீனில் ரவா தோசை முறுகலாக இருந்தது என்று பொங்கல் வரைக்கும் அலசுவார்கள். அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. நானும் போயிருக்கிறேன், அந்த ரவா தோசையையும் தின்றிருக்கிறேன். ராகம் தானம் பல்லவி சூடு பிடிக்கிற நேரத்தில் கடைசி பஸ்ஸை நினைத்து எழுந்து ஓடியும் இருக்கிறேன்.

என் வழக்கு அந்த வாக்கியத்துக்கு அடியில் இருக்கும் கணக்கோடுதான். கச்சேரி என்றால் கூரை போட்ட அரங்கம், நம்பர் போட்ட நாற்காலி, கையில் டிக்கெட், இருமக்கூட யோசிக்கும் மௌனம். இவை இல்லாத இடத்தில் காதில் விழுந்ததெல்லாம் வெறும் சத்தம், கேள்வி ஞானத்தில் சேராது. இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால் எழுபது வயதைத் தாண்டிய நான், வாழ்நாளில் கேட்டதில் முக்கால்வாசியைத் தள்ளுபடி செய்துவிட வேண்டியதுதான். செய்வதாக இல்லை.

முதலில் என் அம்மாவை வைத்தே பேசுகிறேன். அவர் எந்த சபா வாசலையும் மிதித்ததில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு எந்த அரங்கத்துக்குப் போவது? ஆனால் வேதபுரீஸ்வரர் புறப்பாடு என்றால் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். ராகத்தின் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. "போன வருஷம் வந்தவரு இந்த முனையில இன்னும் கொஞ்சம் நின்னாரு. இவரு அவசரப்படுறாரு" என்பார். நம் பத்திரிகை விமர்சகர்கள் பலர் அரைப்பக்கம் எழுதிச் சொல்வதை அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லிவிட்டார். அம்மா ரசிகையா இல்லையா? சபாக்காரர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்லட்டும்.

இந்த ஊர் வீடுகளைப் பாருங்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரத் தெருக்களில் உயர்ந்த மதிலும் மூடிய கதவும். மேற்கே தமிழ்த் தெருக்களில் திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண் நிறுத்தித் தெருப்பக்கம் இறக்கிய தாழ்வாரம். வைசியாள் தெருவில் இந்த வரிசையைப் பழுதுபார்த்துத் திரும்ப நிறுத்தியதற்கு 2008இல் யுனெஸ்கோ விருதுகூடக் கிடைத்தது. வழிப்போக்கன் இளைப்பாறக் கட்டியது என்பார்கள், சரிதான். புறப்பாடு வரும் ராத்திரியில் அதே தாழ்வாரம் தெருவின் இரண்டு பக்கமும் நீளும் ஒரு காலரி. மேடைதான் நகர்ந்து வரும். கிழவி, கைப்பிள்ளைக்காரி, படுக்கையில் கிடப்பவர் என்று வீட்டை விட்டு நகர முடியாத எல்லோருக்கும் கச்சேரி வாசலுக்கே வந்தது. எந்த அரங்கம் இதைச் செய்யும்?

"சரிங்க, ஆனா அதுல சங்கீதம் எங்க இருக்கு? கூட்டமும் வேட்டும்தானே" என்பார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய் நின்றால் தெரியும். மயிலம் முருகன் வருகிறார், ஊர்ச்சாமிகளும் சுற்று வட்டாரத்துச் சாமிகளும் வரிசையாக வந்து பந்தலில் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மேளம். ஒரு பந்தலுக்கு முன்னால் தோடி, நாலு எட்டு நடந்தால் அடுத்த பந்தலில் கல்யாணி. இரண்டுக்கும் நடுவில் நின்றால் காது குழம்பும், ஒரு பக்கமாக நகர்ந்து நின்றுகொள்ள வேண்டும். எங்கே நிற்பது என்று முடிவெடுப்பதே பாதிக் கேட்பு. சபா நாற்காலியில் அந்த வேலையை நமக்காக வேறு யாரோ செய்து முடித்துவிடுகிறார்கள்.

நாதஸ்வரப் புறப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு, எந்தப் பல்லவிக்கும் குறையாத இலக்கணம். சாமி வாசல் தாண்டும்போது மல்லாரி, கம்பீரநாட்டையில். சாகித்தியம் கிடையாது, நாதஸ்வரமும் தவிலும் மட்டுமே பேசும். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று. பழக்கப்பட்ட காது வீட்டுக்குள் இருந்தபடியே கோயிலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும். வீதி முனையில் சாமி நிற்கும்போதுதான் ஆலாபனை. பள்ளியறைக்கு நீலாம்பரி.

பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். வாசித்துக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்துவார். வாத்தியத்தில் கோத்துத் தொங்கும் சீவாளிகளில் ஒன்றை எடுத்து, நாக்கில் நனைத்து, உதட்டில் வைத்து ஊதிப் பார்ப்பார். பிடிக்காது. அடுத்ததை எடுப்பார். கடற்காற்றின் ஈரத்தில் நாணல் சொன்னபடி கேட்காது. அதற்குள் தவில்காரர் வலது கை விரல்களில் மாட்டிய கூடுகளைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டு, இடது கையிலிருக்கும் பூவரசங்கழியால் தொப்பியில் இரண்டு தட்டுத் தட்டி அந்த இடைவெளியை நிரப்புவார். மூன்றாவது சீவாளி பொருந்தியதும் நாதஸ்வரக்காரர் விட்ட இடத்திலிருந்து எடுக்கமாட்டார். அதற்கு ஒரு படி மேலேயிருந்து எடுப்பார். தோளில் குழந்தையோடு நின்றவர் "ஆங்" என்பார். அந்த "ஆங்" எந்த சபாவின் கைதட்டலுக்குக் குறைச்சல்?

இந்த வாத்தியத்தைக் கூரைக்குக் கீழே கொண்டுபோய், முன்னால் மைக்கையும் வைத்துவிட்டு, "காது கிழியுது" என்று முகம் சுளிக்கும் ரசிகர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. வெட்டவெளிக்கென்றே செய்த கருவி அது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளம் கூட்டி, சுருதி தாழ்த்தி, பாரி நாதஸ்வரத்துக்கு ஒரு புது உருவம் கொடுத்த பிறகும் அதன் இயல்பு வீதிதான். அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் வாழ்த்தினார்கள். வாழ்த்தியவர்களில் எத்தனை பேர் அந்த வருஷம் ஒரு வீதி முனையில் நின்று கேட்டார்கள்?

சபாவும் நாதஸ்வரத்தைக் கைவிட்டுவிடவில்லை என்பார்கள். உண்மை, மங்கள இசை என்று ஒரு இடம் வைத்திருக்கிறார்கள்: கூட்டம் வருவதற்கு முன், நாற்காலி துடைக்கிற நேரத்தில். ராஜரத்தினம் பிள்ளை உயிரோடு இருந்தபோதே, மேடையில் உட்கார்ந்து வாசிப்பதற்குச் சண்டை போட வேண்டியிருந்தது. கிராப்பும் கோட்டுமாக அவர் வந்ததே பலருக்கு உறுத்தியது. 1956 டிசம்பரில் அவர் காலமானார், சங்கீத கலாநிதி வாங்காமலே. ஷேக் சின்ன மௌலானாவுக்கு அந்தப் பட்டம் 1998இல்தான் வந்தது, அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். கச்சேரி என்ற பெயரை எதற்குக் கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்க மறுக்கிறோம் என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பட்டமும் பணமும் அந்தப் பெயரின் பின்னாலேயே போகின்றன.

மௌனத்துக்கு வருகிறேன். தெருவில் கேட்பவர்கள் பேசுகிறார்கள், நகர்கிறார்கள், சுண்டல் வாங்குகிறார்கள், அதெல்லாம் கேட்பாகுமா என்பது பெரிய குற்றச்சாட்டு. முதலில் சபாவில் மௌனம் எங்கே இருக்கிறது? தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் வரிசை வரிசையாக எழுந்து காபிக்குப் போகிறவர்கள் யார்? மிருதங்கமும் கடமும் உச்சத்துக்கு ஏறுகிற நேரம் பார்த்து நாற்காலிகள் படபடவென்று மடங்குகிற சத்தம், வருஷா வருஷம் நான் கேட்ட ஒரு தனி ஆவர்த்தனம்.

"ஐரோப்பாவில எப்படி உட்கார்ந்து கேக்குறான் பாருங்க" என்பது அடுத்த அஸ்திரம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் இது கொஞ்சம் கூடுதலாகவே எடுபடும். டூப்ளே இங்கே ஆளுநராக இருந்தது 1742இலிருந்து 1754வரை. அதே வருஷங்களில் பாரிஸ் ஓபெராவில் பிரபுக்கள் தாமதமாக வந்து, பாதியில் கிளம்பி, பெட்டிக்குப் பெட்டி போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டம் வாயை மூடிக் கேட்கப் பழகியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஜேம்ஸ் ஜான்சன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இதைப் பற்றி 1995இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். நம் சென்னை சபாக்களும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் முளைத்தவைதான். சங்கீதத்தின் வயதோடு ஒப்பிட்டால் அரங்க மௌனம் நேற்று வந்த விருந்தாளி. வரட்டும், உட்காரட்டும். வீட்டுக்காரர்களை எழுந்து போகச் சொல்வதுதான் அதிகம்.

வீணைக்கு மௌனம் வேண்டும், மறுக்கவில்லை. அலியான்ஸ் பிரான்சேஸில் நாலு வில் வாத்தியம் மட்டும் வைத்து வாசித்தபோது மின்விசிறிச் சத்தமே எரிச்சலாக இருந்தது. ஆசிரமத்தில் சுனில் பட்டாச்சார்யாவின் இசையை ஒலிக்கவிட்டு, கண்மூடி உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் யாரும் சுண்டல் மெல்லக்கூடாது. ஒவ்வொரு கருவியும் தனக்கு வேண்டிய சூழலைக் கேட்கிறது, அவ்வளவுதான். வீணையின் சட்டத்தைத் தவிலுக்குப் போட்டுவிட்டு, தவில் ஒழுங்கீனம் என்று தீர்ப்பு எழுதுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

டிக்கெட் விஷயத்தை வளர்க்க விரும்பவில்லை. காசு கொடுத்தால்தான் மதிப்பு என்பவர்கள், 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைப் பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியவர்களைக் கேட்கட்டும். பாண்டியிலும் இப்போது வார இறுதியில் உணவகத்துக்கு உணவகம் 'லைவ் மியூசிக்' பலகை. அங்கே பாடுபவர் பில் வரும்வரை பின்னணிச் சத்தம்தான். பாவம், நல்ல குரல்கள் சிலவும் அங்கே மாட்டியிருக்கின்றன.

இலவசமாக, தெருவில், யாரும் யாருக்கும் வாசிக்கலாம் என்பதைப் பிரெஞ்சு அரசாங்கமே 1982இல் கண்டுபிடித்தது. ஐம்பது லட்சம் பிரெஞ்சுக்காரர்கள் ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னது. இத்தனை பேர் வாசிக்கிறார்கள், தெருவில் ஏன் கேட்கவில்லை என்று யோசித்து, கலாசார அமைச்சர் ழாக் லாங்கும் இசைத்துறைப் பொறுப்பிலிருந்த மொரிஸ் ஃப்ளெரேயும் ஜூன் 21ஐ இசைநாளாக்கினார்கள். அந்த நாள் இங்கேயும் வருகிறது. கித்தார் பிடித்த கல்லூரிப் பையன், ஆரோவில்காரர், பறை அடிக்கும் பிள்ளைகள் எல்லோரும் தெருவுக்கு இறங்குகிறார்கள். நம் சபா நண்பர்கள் அன்றைக்கு மட்டும் "ஆகா, என்ன கல்ச்சர்" என்று நடந்துபோய்க் கேட்கிறார்கள்! பாரிஸிலிருந்து வந்தால் தெரு இசை நாகரிகம், வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித் திருவிழாவில் கேட்டால் காட்டுக்கூச்சல். கவர்னரே வந்து வடம் பிடிக்கிற தேர் அது. அந்தத் திருவிழாக் காலத்து ராத்திரியில் லைட் மியூசிக் குழு ஒன்று டிரம் பேடும் கீபோர்டுமாக நேயர் விருப்பச் சீட்டை வாங்கி வாங்கிப் பாடும். மணலில் உட்கார்ந்திருக்கும் மீனவப் பெண்கள் ஒரு சரணத்தை விட்டுவிட்டால் பாடகரை விடமாட்டார்கள், "முழுசாப் பாடு" என்று குரல் வரும். அசல் பாட்டை வரி வரியாக மனத்தில் வைத்துக்கொண்டு நகலை எடைபோடும் அந்தக் கூட்டத்துக்கு ரசனை இல்லை என்று சொல்ல எனக்கு நா எழாது.

பாரதியைத் துணைக்கு அழைக்காமல் பாண்டியில் எதையும் வாதாட முடியாது, எனவே நானும் அழைக்கிறேன். 1908இலிருந்து 1918வரை இங்கே இருந்தவர். 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில், வித்துவான்கள் பொருள் புரியாமல் அதே சில கீர்த்தனைகளைத் திரும்பத் திரும்பப் பாடுவதைப் போட்டுத் தாக்கியவர். 'குயில் பாட்டு' இந்த ஊர்த் தோப்பில் பிறந்தது. அதில் மனிதர் இசையில் எதற்கெல்லாம் நெஞ்சைப் பறிகொடுத்தேன் என்று குயில் ஒரு பட்டியல் போடும். ஏற்றம் இறைப்பவன் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் ஒலி, சுண்ணாம்பு இடிப்பவர் பாட்டு, வயல் பெண்களின் பாட்டு, கும்மி என்று போய், குழலும் வீணையும் அதற்குப் பிறகுதான் வரும். சபா அந்தப் பட்டியலிலேயே இல்லை. பாரதி விழாவை அரங்கத்தில் நடத்தி, பாரதி பாட்டை மௌனமாகக் கேட்டுவிட்டு வரும் நம்மவர்கள் இந்த வரிசையைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இவர்கள் சொல்லாத, ஆனால் சொல்லியிருந்தால் என்னைத் திணறடித்திருக்கக்கூடிய வாதம் ஒன்று உண்டு, நானே எடுத்து வைக்கிறேன். தெரு யாருடைய தெரு? சாமி எல்லாத் தெருவுக்கும் போனதா? போகவில்லை. தெரு மேளம் சாதியின் மேளமாகவும் இருந்தது. இதே ஊரில் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு ஆளுநர் மாளிகைக்குள் மேளதாளத்தோடு பல்லக்கில் போகும் உரிமை கிடைத்தது பெரிய மரியாதையாகப் பேசப்பட்டது. மேளம் அதிகாரத்தின் அடையாளம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். டிக்கெட் வாங்கினால் யாரும் நுழையலாம் என்ற சபா விதி அதோடு ஒப்பிட்டால் காகிதத்திலாவது சமத்துவம். இதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் காகிதத்தில்தான். மேடையில் யார் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்தவர், பாடகி பட்டம்மாளுக்கு வாசித்துத்தான் அந்த விரதத்தை முறித்தார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், அங்கே பெண்கள் பாடுவதற்குத் தனியாக ஒரு கட்சியே நடத்த வேண்டியிருந்தது. பூட்டு தெருவிலும் இருந்தது, அரங்கத்திலும் இருந்தது. தெருவில் அதை உடைப்பது கண்ணுக்குத் தெரிகிற சண்டை. அரங்கத்தில் 'தரம்' என்ற சொல்லுக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்ளும். நான் கேட்பது பழைய தெருவை அல்ல. பறையும் நாதஸ்வரமும் ஒரே ஜூன் 21 மாலையில் ஒரே சாலையில் கேட்கிற தெருவைத்தான்.

இன்னொரு பக்கம், சத்தம் தொந்தரவு என்கிறவர்கள். பாதி சரி. கூம்பு ஒலிபெருக்கியை விடியற்காலை நாலு மணிக்கு அலறவிடுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது சங்கீதத்துக்கும் எதிரிதான். ஆனால் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளுக்கு 2010இல் வந்த திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி மட்டுமல்ல, இசைக்கருவியும் கூடாது, மூடிய அரங்கத்துக்குள் என்றால் பரவாயில்லை. சட்டமும் சபா கட்சியில் சேர்ந்துவிட்டது. மைக்கே இல்லாத தவிலும், விடிய விடிய ஆடின தெருக்கூத்தும் இந்த விதியின் முன்னால் குற்றவாளி. குளிரூட்டிய மண்டபத்தில் விடியும்வரை அதிரும் பார்ட்டி குற்றமில்லை.

அதே விதிகளில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. திருவிழா நாட்களுக்காக, வருஷத்தில் பதினைந்து நாள் வரை, நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு அனுமதி கொடுக்கலாம். அந்தப் பதினைந்தில் புதுச்சேரியில் எத்தனை நாள் நாதஸ்வரத்துக்கும் கூத்துக்கும் போகிறது, எத்தனை நாள் சுற்றுலாக் கேளிக்கைக்குப் போகிறது என்று கேட்க ஆள் வேண்டும். மெட்ராஸுக்கு பஸ் ஏறுகிற ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினால் போதும். கையோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. கோயில் திருவிழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். உபயதாரர் பெயர், அவர் தகப்பனார் பெயர், அமைச்சர் பெயர், அச்சகத்தின் பெயர் எல்லாம் இருக்கும். வாசிக்கிறவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பல சமயம் 'நாதஸ்வர இன்னிசை' என்று மட்டும் போட்டிருக்கும். யார் வாசிக்கிறார், தவில் யார், எந்த நேரத்துக்கு எந்த வீதி முனை என்று அச்சடிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்து சமய நிறுவனங்கள் துறைக்கு அதில் ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது. சம்பளத்தை உயர்த்தச் சொல்லியும் கேளுங்கள், அதற்குச் செலவு உண்டு, பரவாயில்லை. மாசி மகத்துக்கு முன்னால் அந்தத் தாள் என் கைக்கு வந்தால், மெட்ராஸ் டிசம்பர் அட்டவணையை நீங்கள் மடித்து வைத்துக்கொள்வதுபோல நானும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவேன்.